கட்டைப் பிரிக்காமல் புண்ணைப் படிப்பது

ஆறாத புண்களுக்குக் கட்டுப் போடுவது என் அன்றாட வேலை. சர்க்கரை நோயால் பாதத்தில் வரும் புண், சிரையில் ரத்தம் தேங்கிக் கணுக்காலில் வரும் புண், படுக்கைப் புண், அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் விட்டுப்போன காயம் என்று எல்லாம் வரும். சில வருடங்களாக எங்கள் கைக்கு வரும் கட்டுகளில் சில தாமாகவே பேசத் தொடங்கியிருக்கின்றன. ஒன்று ஈரத்தை அளக்கிறது, ஒன்று சூட்டைச் சொல்கிறது, இன்னொன்றில் காற்று கசிந்தால் விளக்கு எரிகிறது. இவற்றோடு பழகியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஸ்மார்ட் டிரஸ்ஸிங் புண்ணை ஆற்றுவதைவிட நம் கையைக் கட்டிப்போடுவதில்தான் கெட்டி. அந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன்.

ஏனென்றால் எங்களிடம் தினமும் வரும் கேள்வி, "சிஸ்டர், ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடலாமே?" என்பதுதான். நோயாளி கேட்பார். கூட வந்தவர் கேட்பார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரும் கேட்பார். மூடிவைத்த புண்ணுக்கு உள்ளே சீழ் பிடித்திருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புண் குளிர்கிறது. குளிர்ந்த புண்ணில் செல்கள் பிரிந்து பெருகுவது மந்தமாகி, பழைய சூட்டுக்குத் திரும்பும்வரை அப்படியே கிடக்கும். ஒட்டியிருக்கும் காஸ் துணியை உரிக்கும்போது அதோடு புதுத் தோலும் ஒரு படலம் வந்துவிடும். வலி தனிக்கணக்கு.

இன்னொரு நம்பிக்கையும் பலமாக இருக்கிறது: "காத்தாட விட்டா சீக்கிரம் காஞ்சுடும்." காயும், சரிதான். ஆனால் காய்வதும் ஆறுவதும் வேறு வேறு. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டார், சிலவற்றை பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. திறந்த காயத்தில் பொருக்கு கட்டுவதால் புதிய செல்கள் அதற்கு அடியில், ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் ஃபோம், ஹைட்ரோகொல்லாய்டு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற கட்டு வகைகள் எல்லாம் அந்த ஈரத்தைக் காப்பதற்காக வந்தவையே. அளவு மீறினால் அதே ஈரம் எதிரியாகிவிடும். புண்ணைச் சுற்றியுள்ள தோல் வெளுத்து, ஊறிச் சுருங்கிக் கிடந்தால் கட்டு நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். ஆக, காய்ந்தும் போகக்கூடாது, ஊறியும் போகக்கூடாது, ஆனால் பிரித்தும் பார்க்கக்கூடாது. இந்த இக்கட்டில்தான் சென்சார் உதவிக்கு வருகிறது.

நான் முதலில் கையாண்டது ஈரத்தை அளக்கும் பட்டை. நூல்போல மெல்லிய இரண்டு வெள்ளிக் கோடுகள் ஓடும் ஒரு சின்ன நாடா. கிருமி நீக்கிய உறையில் வரும். நாடாவின் தலையைப் புண்ணின் மேல் வைத்து, அதன் மேல் வழக்கமான கட்டைப் போட்டு, வாலை மட்டும் கட்டுக்கு வெளியே விட வேண்டும். கைக்கடக்கமான ஒரு மீட்டரின் கிளிப்பை அந்த வாலில் மாட்டினால் சில நொடிகளில் நீர்த்துளி அடையாளங்கள் தெரியும். துளிகள் குறைவு என்றால் வறண்டிருக்கிறது, நிறைய என்றால் ஊறியிருக்கிறது. உள்ளே நடப்பது எளிய இயற்பியல்தான். ஈரமான இடத்தில் மின்சாரம் சுலபமாகப் பாயும், வறண்ட இடத்தில் தடைபடும். அந்தத் தடையை அளந்தால் ஈரம் தெரிந்துவிடும்.

இதை வைக்கும் இடத்தில்தான் சூட்சுமம். புண்ணின் ஓரத்தில் வைத்தால் நடுவில் குளம் கட்டியிருப்பது தெரியாது. நின்றாலும் உட்கார்ந்தாலும் நீர் இறங்கும் பக்கம் ஒன்று இருக்குமல்லவா, அங்கே வைத்தால் எப்போதும் அதிகமாகவே காட்டும். நான் நடுவில் வைத்து, வாலை மேல்நோக்கி எடுத்து, ஆடை உரசாத பக்கமாக ஒட்டிவிடுவேன். வால் பேன்ட்டிலோ போர்வையிலோ மாட்டி இழுபட்டால் கட்டே கழன்றுவிடும். செய்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பட்டை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் ஒரு வயதான ஐயாவிடமிருந்து வந்தது. உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் புண். சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதம். ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது, கிருமித் தொற்றும் இல்லை, சர்க்கரையும் கட்டுக்குள். ஆனால் புண் சுருங்கவில்லை. மாலையில் அளந்தால் ஈரம் சரியாக இருக்கும், காலையில் அளந்தால் துளிகள் ஏறியிருக்கும். ராத்திரி படுத்திருக்கும்போது கால் தரையில் படாது, நீர் குறையத்தானே வேண்டும்? பாதத்தின் அழுத்தத்தை இறக்கும் பூட்ஸைப் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "நீங்க சொன்னபடிதான் சிஸ்டர், பகல் முழுக்கக் கழட்டுறதே இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை அவர். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிக்கிறப்ப மட்டும் போட மாட்டாருங்க. நாலஞ்சு தடவை எந்திரிப்பாரு."

வெறுங்காலோடு இருட்டில் நடக்கும் அந்த நடைகள்தான் பகலெல்லாம் வளர்ந்ததை நசுக்கிக்கொண்டிருந்தன. பூட்ஸ் படுக்கையருகே, கால் கீழே இறங்கும் இடத்திலேயே வைக்கப்பட்டது. படுக்கைக்குப் பக்கத்திலேயே சிறுநீர்க் கலன் ஒன்றும் வந்தது. அதன் பிறகு புண் ஓரங்களிலிருந்து மூடத் தொடங்கியது. சென்சார் நோயைக் கண்டுபிடித்ததா? இல்லை. 'காலையில் மட்டும் ஏன்?' என்று என்னைக் கேட்க வைத்தது. அந்த அளவோடுதான் இந்தக் கருவிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணிப்பு. ஒரே நேரத்தில் அளக்காமல் காலை, மாலை என்று மாற்றி அளந்து, நேரத்தோடு எழுதிவைத்தால்தான் இப்படிப்பட்ட கேள்விகள் எழும்.

அடுத்தது, காற்றை உறிஞ்சும் கட்டு. பெரிய மெஷின் வைத்து 125 பாதரச மில்லிமீட்டர் அளவுக்கு உறிஞ்சுவது பழைய முறை. இப்போது சட்டைப்பையில் போடும் அளவுக்குச் சின்ன பம்ப் வந்துவிட்டது. அதில் 80 அளவு. பேட்டரியில் ஓடும், சில நாள் முடிந்ததும் தூக்கிப் போடுவதுதான். பச்சை விளக்கு மினுக்கினால் எல்லாம் சரி, காற்று கசிந்தால் வேறு நிறத்தில் எச்சரிக்கும். இதை முழு ஸ்மார்ட் என்று சொல்ல முடியாது, ஆனால் வீட்டிலிருக்கும் நோயாளிக்கு இன்று நிஜமாகவே கிடைப்பது இந்த வகைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்சரிக்கை விளக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மேலே ஒட்டும் படலத்தில் விழும் ஒரு மடிப்பு. விரலிடுக்கு, குதிகாலின் வளைவு, இடுப்பு மடிப்பு, முடி இருக்கும் இடம், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். விளக்கு எரிந்ததும் பதறிப் பிரிக்காமல், படலத்தின் ஓரங்களை உள்ளங்கையால் ஒரு சுற்று அழுத்தித் தடவுங்கள். கையின் சூட்டில் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். பாதி அலாரங்கள் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் கசியும் இடத்தின் மேல் இன்னொரு துண்டுப் படலம். கட்டுப் போடும் முன் சுற்றுத் தோலைத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். லோஷன் தடவிய தோலில் எந்தப் பசையும் நிற்காது. குழாய் கட்டோடு சேரும் அந்தக் கெட்டியான பகுதி, படுக்கும்போதோ உட்காரும்போதோ உடம்புக்கு அடியில் போகாதபடி பார்க்க வேண்டும். புண்ணை ஆற்ற வைத்த பொருளே பக்கத்தில் ஒரு புதுப் புண்ணை உண்டாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது பம்பைக் கழற்றி வையுங்கள், கழற்றிய பின் குழாயின் முனை தண்ணீர் பக்கம் நோக்காமல் இருக்கட்டும்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் விளக்கைப் பார்க்கக்கூடக் காத்திருக்கக் கூடாது. கட்டிலோ குழாயிலோ பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வந்தால் பம்பை நிறுத்திவிட்டு, புண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே உதவி கேட்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கறுத்த செத்த சதை மூடியிருக்கும் புண், சிகிச்சை தொடங்காத எலும்புத் தொற்று, புற்றுநோய் இருக்கும் புண், ரத்தக்குழாய் வெளியே தெரியும் புண் ஆகியவற்றில் இந்த உறிஞ்சும் கட்டு போடவே கூடாது.

சூட்டை அளக்கும் பட்டைகளோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. எங்கள் வார்டில் ஒரு சோதனைக்காக, போனோடு பேசும் பட்டைகளைச் சிலருக்கு ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். ராத்திரியில் எச்சரிக்கை வந்து, மகள் பதறிப்போய் போன் செய்வார். கேட்டுப் பார்த்தால் அப்பா கனமான போர்வைக்குள் காலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியிருப்பார். வெயிலில் உட்கார்ந்தது, நடந்துவிட்டு வந்தது, ஒத்தடம் கொடுத்தது எல்லாமே சூட்டை ஏற்றும். தனியாக ஒரு எண்ணுக்குப் பயப்படாதீர்கள். அதே நேரத்தில் மற்றக் காலில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள், அல்லது வெப்பமானியால் அளந்து பாருங்கள். மரத்துப்போன பாதங்களில் புண் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு, இரண்டு பாதங்களுக்கும் இடையே 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் விடாமல் நீடிக்கிறதா என்பதுதான். ஒப்பிட எதிர்க்கால் இருப்பதால்தான் அந்தக் கணக்கு வேலை செய்கிறது.

சண்டை இருந்தாலும் இந்தச் சூட்டுக் கருவிகள் வளர வேண்டும் என்று விரும்புகிறேன், அதற்குக் காரணம் தோலின் நிறம். பாடப்புத்தகங்களில் தொற்றின் முதல் அடையாளம் 'சிவப்பு' என்று இருக்கும். கறுத்த தோலில் சிவப்பு தெரியவே தெரியாது. சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த கறுப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும், விளக்கு வெளிச்சம் மோசமாக இருந்தால் அதுவும் போச்சு. அப்படிப்பட்ட தோலில் சூடும், வீக்கமும், தொட்டால் வரும் வலியும்தான் நம்பத்தக்கவை. கண்ணுக்குத் தெரியாததை ஒரு சென்சார் சொல்லுமானால் அதன் மதிப்பு தோல் கறுக்கக் கறுக்கக் கூடும்.

நிறம் மாறும் கட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நல்ல தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஹெச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 4 முதல் 6க்குள் இருக்கும். நாள்பட்ட ஆறாத புண் பெரும்பாலும் 7ஐத் தாண்டி காரப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆறத் தொடங்கினால் மீண்டும் அமிலப் பக்கம் இறங்கும். இதை வைத்துச் சாயத்தின் நிறத்தை மாற்றிக் காட்டுவது அழகான யோசனை. ஆனால் ரத்தத்தின் பிஹெச் 7.4 என்பதை மறக்கக்கூடாது. லேசாக ரத்தம் கசிந்தாலும் நிறம் மாறும். சோப்பு பட்டாலும் மாறும். அதனால் நிறத்தைப் பார்ப்பதானால் கழுவிய உடனே பார்க்காதீர்கள், எப்போதும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். இதோடு சம்பந்தமில்லாத நிறங்களும் பலரை மிரட்டிவிடுகின்றன. ஹைட்ரோகொல்லாய்டு கட்டின் அடியில் மஞ்சள் கூழாக, ஒருவித வாடையோடு இருப்பது கட்டு கரைந்த ஜெல், சீழ் இல்லை. வெள்ளி சேர்த்த கட்டு தோலில் கருஞ்சாம்பல் கறை விடும். கழுவித் துடைத்த பிறகும் கெட்ட வாடை நின்றாலோ, பச்சை நிறம் படிந்திருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

ஆய்வுக்கூடங்களில் நடப்பது இதைவிட எவ்வளவோ தூரம் போய்விட்டது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டிய கட்டு, பிஹெச்சையும் சூட்டையும் அளந்து, தேவைப்பட்டால் உள்ளேயே சிறிது சூடாக்கி நுண்ணுயிர்க்கொல்லியை வெளியிடும். ஸ்டான்ஃபோர்டு குழு 2022இல் வெளியிட்டது, புண்ணின் மின்தடையையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே லேசான மின்தூண்டலும் கொடுக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரமல்ல, பசை. 40 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடி விட்டு, வலிக்காமல் கழன்றுவிடுமாம். உரிக்கும்போது அலறும் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2023இல் காட்டியதில், மாலிப்டினம் என்ற உலோகத்தாலான மின்முனை வேலை முடிந்ததும் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. கால்டெக் குழுவின் கட்டு புண்ணின் நீரை நுண்குழல்கள் வழியே எடுத்துச் சென்று, வீக்கத்தைக் காட்டும் நைட்ரிக் ஆக்ஸைடையும் தொற்றைக் காட்டும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் அளக்கிறது. அதை 20 நோயாளிகளிடம் சோதித்து 2025இல் வெளியிட்டார்கள்.

மின்சாரம் ஏன் என்று கேட்பீர்கள். தோலில் இயல்பாகவே சின்ன மின்னழுத்தம் உண்டு. தோல் கிழிந்த இடத்தில் அந்த மின்சாரம் கசிகிறது, செல்கள் அதன் திசையைப் பிடித்துக்கொண்டு காயத்தின் நடுவை நோக்கி நகர்கின்றன. காயத்திலிருந்து வரும் இந்த மின்னோட்டத்தை எமில் டு புவா ரேமோன் என்ற ஜெர்மன் உடலியல் ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே தன் விரலை வெட்டி அளந்திருக்கிறார். நாள்பட்ட புண்ணில் அந்தச் சமிக்ஞை மங்கிவிடுவதால் வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்தச் செய்திகளில் '25 சதவீதம் வேகமாக', '30 சதவீதம் வேகமாக' என்று வருவதைப் பார்த்துவிட்டு, "அது நமக்கு எப்ப சிஸ்டர் வரும்?" என்று போனை நீட்டுவார்கள். முதலில் யாருடைய புண் என்று பார்க்கச் சொல்வேன். ஸ்டான்ஃபோர்டின் 25, நார்த்வெஸ்டர்னின் 30 இரண்டுமே எலிகளில் கிடைத்தவை. எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப் படலம் இருக்கிறது. சுருக்குப் பையின் கயிற்றை இழுத்த மாதிரி அது காயத்தை இழுத்து மூடிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. அடியிலிருந்து புதுச் சதை நிரம்பி, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வரவேண்டும். பன்றித் தோல் நம்முடையதற்கு நெருக்கம், அதனால் பன்றியில் நடந்த சோதனைக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். நிஜ நோயாளிகளிடம் அளந்து பார்த்ததற்கு இன்னும் கூடுதல்.

எந்த சென்சாரும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு அளவீடு, இவை எல்லாவற்றையும்விட எனக்கு உபயோகமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை, கட்டு மாற்றும் நாளில், புண்ணின் நீளத்தையும் அதற்குக் குறுக்கே அகலத்தையும் அளந்து பெருக்கி எழுதிவையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, அதே கோணத்தில் ஒரு போட்டோ. சர்க்கரை நோயாளியின் பாதப் புண், சரியான சிகிச்சை தொடங்கிய 4 வாரத்தில் பாதியாகவாவது சுருங்கவில்லை என்றால், 12 வாரத்தில் ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கட்டத்தில் கட்டின் பிராண்டை மாற்றிப் பயனில்லை. ரத்த ஓட்டம், அழுத்தம், எலும்பில் தொற்று ஆகியவற்றை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் ஆறாத புண்ணானால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

யாராவது உங்களுக்கோ வீட்டில் உள்ளவருக்கோ இப்படி ஒரு கட்டைச் சிபாரிசு செய்தால், அலாரம் யாருக்குப் போகும் என்று முதலில் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் யாரோ பார்க்கிறார்களா, அல்லது உங்கள் போனில் மட்டும் அடிக்குமா? அடித்தால் என்ன செய்ய வேண்டும், ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும்? இதற்கு விடை இல்லாத கட்டு வீட்டில் தூக்கத்தைக் கெடுக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கட்டுக்குள் உலோகம் இருப்பதைச் சொல்லுங்கள், பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். பசை ஒவ்வாமை ஏற்கெனவே இருந்தால் சொல்லுங்கள். பேட்டரி உள்ளதைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். காய்ச்சல், நடுக்கம், புண்ணிலிருந்து மேலேறும் கோடு, எல்லை தெரியச் சுற்றிப் போட்ட பேனாக் கோட்டைத் தாண்டிப் பரவும் வீக்கம், விரல் கறுப்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் கருவி பச்சை விளக்குக் காட்டினாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

கம்பெனிக்காரர்கள் மாதிரி கொண்டுவந்து காட்டும்போது, அவர்கள் முதலில் திறப்பது போன் ஆப்பை. நான் முதலில் பார்ப்பது பசையை. ஒரு துண்டை என் முன்கையில் ஒட்டிக்கொண்டு, அன்றைய ஷிஃப்ட் முழுக்கக் கை கழுவி, வேர்த்து, மறுநாள் உரித்துப் பார்ப்பேன். என் தோலே சிவந்து எரிந்தால், எழுபது வயதுத் தோலுக்கு அது வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன், உள்ளே எத்தனை சென்சார் இருந்தாலும் சரி.